ஆண்டறிக்கை 2024–25: சுந்தராம்பாளுக்கு ஒதுக்கிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களே, கரூர் வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் மன்றத்து அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவின்படி, மாதக் கூட்டங்களில் பாதியைக் கொடுமுடி சுந்தராம்பாள் ஒருவருக்கே ஒதுக்கினோம். ஒரு நடிகைக்கு இத்தனை கூட்டங்களா என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்களில் சிலர் பிறகு ஒரு கூட்டம் விடாமல் வந்தார்கள் என்பதை வருகைப் பதிவேடே சொல்லும். சிற்றுண்டிக்காகத்தான் வந்தார்கள் என்ற பேச்சைச் செயலாளர் என்ற முறையில் நான் ஏற்கவில்லை. மூன்று கூட்டங்களுக்கு வெறும் காபிதான் கொடுத்தோம்.

இந்த முடிவுக்குக் காரணம் இருந்தது. கே.பி.எஸ். என்று சுருக்கி அழைக்கப்படும் சுந்தராம்பாள் என்றால் இன்று பெரும்பாலோர் நினைவுக்கு வருவது கையில் கோலும் நெற்றி நிறைய திருநீறுமாக, 'திருவிளையாடல்' படத்தில் கோபித்துக்கொண்ட முருகனைச் சமாதானப்படுத்தும் ஔவைப் பாட்டி. அந்தப் படம் வந்தது 1965இல். அதற்கு முன்பே நாற்பது ஆண்டுக்கும் மேற்பட்ட மேடை வாழ்க்கை அவருக்கு இருந்தது. பக்கத்து ஊர்க்காரர்களான நமக்கே அது தெரியாமல் போகக் கூடாது என்பதுதான் செயற்குழுவின் எண்ணம்.

முதல் கூட்டம் அவருடைய இளமை பற்றியது. 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். தாயார் பாலாம்பாள். வறுமை கொஞ்சநஞ்சம் அல்ல. சிறுமியாக ரயிலில் பாடியபோது அந்தக் குரலைக் கேட்ட ஒருவரின் உதவியால் வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார் என்பது எல்லோரும் சொல்லும் வரலாறு. கேட்டவர் போலீஸ் அதிகாரி என்று ஒரு சாராரும், ரயில்வே அதிகாரி என்று மற்றொரு சாராரும் நம் கூட்டத்தில் வாதிட்டுக் குரலை உயர்த்தினார்கள். இரண்டுக்கும் அச்சிட்ட ஆதாரம் காட்டப்பட்டதால் தலைவர் தீர்ப்பு ஏதும் சொல்லாமல் கூட்டத்தை முடித்துவைத்தார். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையாக நடித்ததுதான் அவருக்குக் கிடைத்த முதல் பெயர் என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒத்துப்போயின. பசியைப் பற்றிப் பாட அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு முன்பாகக் கொடுமுடிக்கே போய்வந்தோம். கரூரில் ரயில் ஏறினால் புகளூர் தாண்டிப் பேச்சு சூடுபிடிப்பதற்குள் கொடுமுடி வந்துவிடுகிறது. மகுடேசுவரரையும் வீரநாராயணப் பெருமாளையும் சேவித்துவிட்டு, வன்னி மரத்தைச் சுற்றிவந்து, காவிரிப் படித்துறையில் உட்கார்ந்தோம். நம் உறுப்பினர் ஒருவர், சுந்தரர் 'நமச்சிவாய' என்று முடியும் பதிகம் பாடிய தலம் இது என்று சொல்லி முழுப் பதிகத்தையும் பாடினார். நன்றாகவே பாடினார். திரும்பும் ரயிலைத் தவறவிட்டதற்கு அதுதான் காரணம். பஸ் கட்டணம் மன்றச் செலவில் சேர்க்கப்பட்டிருப்பதைக் கணக்கில் காண்பீர்கள்.

இந்த ஆண்டின் பெரிய நிகழ்ச்சி புதுக்கோட்டைப் பக்கத்துக் கலைஞர்களை வரவழைத்து நடத்திய 'வள்ளி திருமணம்'. இது சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகம். அவர் 1922இல் மறைந்தார். நாடகம் இன்றும் கோவில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. இதை ஏன் நடத்தினோம் என்றால், ஸ்பெஷல் நாடகம் என்றால் என்னவென்று கண்ணால் பார்க்காமல் சுந்தராம்பாளைப் புரிந்துகொள்ள முடியாது. கம்பெனி நாடகத்தில் எல்லோரும் ஒரே வீட்டில் தங்கி ஒத்திகை பார்ப்பார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் அப்படி இல்லை. கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், கதாநாயகியான ஸ்திரீபார்ட் ஓர் ஊர், சிரிக்கவைக்கும் பபூன் வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். ஆளுக்குத் தனித்தனியாக முன்பணம்; அன்று மாலைதான் சந்திப்பு.

அன்றும் அப்படியே நடந்தது. வேலனாக, அதாவது முருகனாக, நடித்தவரும் வள்ளியாக நடித்தவரும் நம் மண்டபத்துக்கு எதிரில் உள்ள டீக்கடை பெஞ்சில்தான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டார்கள். 'உங்களுக்கு என்ன சுருதி?' என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அந்த அம்மையார் பதில் சொல்லாமல் டீயைக் கீழே வைத்துவிட்டு மெல்லிய குரலில் ஓர் அடி பாடிக் காட்டினார். வேலன் தலையாட்டினார். ஒத்திகை அவ்வளவுதான். இரவு பன்னிரண்டுக்கு மேல் தினைப்புனத்தில் இருவரும் தர்க்கத்துக்கு நின்றபோது, ஒருவர் எடுத்துவிட்ட பாட்டுக்கு மற்றவர் அந்த இடத்திலேயே பதில் கட்டினார். அவர் மேலே போனால் இவர் அதற்கும் மேலே. ஆர்மோனியக்காரர் சிரித்தபடியே இரண்டு பேரையும் துரத்திக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த கல்லூரி மாணவர்கள் கைப்பேசியை மடியில் போட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

இந்தத் தொழிலில்தான் சுந்தராம்பாள் தேறினார். அதுவும் மைக் இல்லாத காலத்தில். கொட்டகையின் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். பிற்காலப் படங்களில் ஒவ்வோர் எழுத்தையும் அவர் தனித்தனியாக நிறுத்தி உச்சரிப்பதைப் பலர் பக்தி என்கிறார்கள். பக்தி இருக்கட்டும், எனக்கென்னவோ அது கொட்டகையில் பழகிய தொண்டை என்றே படுகிறது.

இலங்கைக்கு நாடகம் நடிக்கப் போன இடத்தில்தான் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடிக்கும் வாய்ப்பு அமைந்தது. கிட்டப்பாவோடு மேடையேறினால் அவருடைய குரலுக்கு முன் நிற்க முடியாது என்று அந்தப் பெண்ணைப் பயமுறுத்தியவர்கள் இருந்தார்களாம். நின்றார். 1927இல் திருமணம். அவரும் இவரும் சேர்ந்து நடிக்கிறார்கள் என்றால் பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வரும். கிட்டப்பா பாடிய 'காயாத கானகத்தே' பாட்டை இன்றைய வேலன்களும் விடுவதில்லை. நம் நாடகத்திலும் அது வந்தது, கைதட்டலும் வந்தது.

டிசம்பர் 2, கிட்டப்பாவின் நினைவு நாள். அன்று மாலை மூத்த உறுப்பினர் ஒருவர் தம் வீட்டுக் கிராமபோன் பெட்டியையும் பழைய தட்டுகளையும் கொண்டுவந்தார். தட்டைப் பஞ்சால் துடைத்து, புது ஊசி மாற்றி, சாவி கொடுத்து வைத்ததும் முதலில் வந்தது வெறும் இரைச்சல்தான். பிறகு அதைக் கிழித்துக்கொண்டு குரல் வந்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். விடிய விடியப் பாடியவர்களை அந்த மூன்று நிமிடத்துக்குள் அடைத்திருக்கிறார்கள். தட்டு முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னார்கள். தேயும் என்று உரிமையாளர் மறுத்துவிட்டார். அவர் மறுத்தது சரிதான்.

அந்தக் கூட்டத்தில் நடந்த ஒரு விவாதத்தை இங்கே பதிவு செய்ய வேண்டும். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார், பெயர் கிட்டம்மாள். மேடைக் காதலைப் பற்றிப் பேசுகிறவர்கள் செங்கோட்டையில் இருந்த அந்தப் பெண்மணியைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று மகளிர் அணி அமைப்பாளர் கேட்டார். மண்டபத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. சுந்தராம்பாளின் இல்லறமும் இனிமையாக மட்டும் இருந்துவிடவில்லை. பிணக்கு, பிரிவு, கடிதங்கள் என்றே பெரும்பகுதி கழிந்தது. 1933இல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு, சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

அதன்பின் வெள்ளைப் புடவை. ஆண் நடிகருக்கு ஜோடியாக இனி நடிப்பதில்லை என்ற உறுதி. இதைப் பதிவிரதைக் கதையாகச் சொல்வது வழக்கம். நான் அதை அவருடைய தொழிலின் பக்கமிருந்து பார்க்கச் சொல்கிறேன். இருபத்தைந்து வயதில், புகழின் உச்சியில், கதாநாயகி வேடம் அத்தனையையும் ஒரு நடிகை தாமே கதவடைத்துவிட்டார். மிச்சம் என்ன வேடம் இருக்கிறது? அந்த மிச்சத்தில்தான் அடுத்த நாற்பது ஆண்டும் முதலிடத்தில் இருந்தார். 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆணாகவே நடித்தார். 1940இல் மணிமேகலை, காதலை மறுத்துப் பௌத்தத் துறவியானவள். 1953இல் ஔவை. 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி. 1973இல் காரைக்கால் அம்மையார். அழகு வேண்டாம், பேயுரு கொடு என்று இறைவனிடம் கேட்டவர். ஒன்றுக்காவது டூயட் உண்டா பாருங்கள்! தமிழ் இலக்கியத்தில் தனியே நடந்த பெண்கள் இத்தனை பேர் இருந்தது அவருடைய அதிர்ஷ்டம், அவர்களுக்கு அப்படி ஒரு குரல் கிடைத்தது நம்முடைய அதிர்ஷ்டம். இந்தக் கருத்தை ஜனவரிக் கூட்டத்தில் நான் சொன்னபோது துணைத் தலைவர் உடன்படவில்லை. அவருடைய மறுப்பும் நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது.

'பக்த நந்தனார்' படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். சவரன் முப்பது ரூபாயைத் தொடாத காலம் அது. நடிக்க மனமில்லாமல், கேட்டால் ஓடிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் அந்தத் தொகையைச் சொன்னாராம். பட முதலாளி ஓடவில்லை. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். கர்நாடக சங்கீதத்தில் அவ்வளவு பெரிய வித்துவான், நந்தனாராக நின்ற ஒரு பெண்ணின் முன் நடித்ததற்கு அந்நாளில் முணுமுணுப்பு எழாமலா இருந்திருக்கும்? இவ்வளவு இருந்தும் படம் எதிர்பார்த்தபடி போகவில்லை. திரையிட நமக்குப் பிரதி கிடைக்காததால் அதற்குப் பதில் 'ஔவையார்' திரையிட்டோம். ஜெமினி வாசன் எடுத்த படம், இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு. பாதிப் படத்தில் மின்சாரம் நின்றது. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை.

அரசியல் பக்கத்தைச் சுருக்கமாகவே பேசினோம். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் அக்கட்சி மேடைகளில் பாடினார்; 'காந்தியோ பரம ஏழை சந்நியாசி' பாட்டு அக்காலத்தில் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. கொடுமுடி வீட்டுக்கு வந்த காந்தியடிகளுக்குத் தங்கத் தட்டில் உணவு பரிமாறினாராம். சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று கேட்டு வாங்கி, அதை ஏலம் விட்டுக் கட்சி நிதியில் சேர்த்தார் மகாத்மா என்பது நம் பக்கத்தில் பாட்டிமார் சொல்லும் கதை. விடுதலைக்குப் பின் சென்னை மாநில மேலவை உறுப்பினரானார். திரைத் துறையிலிருந்து சட்டமன்றத்துக்குள் நுழைந்தவர்களில் நாட்டிலேயே முதலாமவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. பிறகு வந்தவர்களைப் பற்றி இந்த அறிக்கையில் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. 1969ஆம் ஆண்டுக்கான தேசிய விருது, 'துணைவன்' படத்தில் பாடியதற்காக. 1970இல் பத்மஸ்ரீ. 1980இல் மறைந்தார்.

இனி மன்றத்தின் பிற பணிகள். பள்ளி மாணவர்களுக்கான பாட்டுப் போட்டியில் மைக் இல்லாமல் பாட வேண்டும் என்று விதி வைத்தோம். பெற்றோர் சிலர் சண்டைக்கு வந்தார்கள். முதல் பரிசு வாங்கியது அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். கடைசி வரிசையில் இருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அடுத்த ஆண்டும் விதி தொடரும். நூலகத்தில் புத்தகம் எடுத்துத் திருப்பித் தராதவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் உள்ளது; அதில் செயற்குழு உறுப்பினர் பெயரும் இருப்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். மண்டபத்தின் மேற்கூரை ஐப்பசி மழையில் ஒழுகியது. ஒட்டுப்போடும் ஒப்பந்தக்காரர் முன்பணம் வாங்கியதோடு சரி, ஆளைக் காணவில்லை. அந்தத் தொகை வாராக் கடனாகக் காட்டப்படவில்லை. பொருளாளர் இன்னும் நம்பிக்கை இழக்கவில்லை.

ஆண்டின் மொத்த வரவு 1,86,450 ரூபாய், செலவு 1,79,320 ரூபாய், கையிருப்பு 7,130 ரூபாய். செலவில் பெரும்பங்கு 'வள்ளி திருமணம்' நாடகத்துக்கு ஆனது. பேசிய தொகையைக் கலைஞர்களுக்கு விடிவதற்குள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டோம். தணிக்கை செய்யப்பட்ட கணக்கு உங்கள் இருக்கையில் வைக்கப்பட்டுள்ளது.

வரும் ஆண்டில் மீண்டும் ஒரு ஸ்பெஷல் நாடகம் போட வேண்டும் என்று கையெழுத்திட்ட கோரிக்கை வந்திருக்கிறது. அதற்குக் கையிருப்பு போதாது. ஆண்டுச் சந்தாவை 300 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக உயர்த்தும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். கோரிக்கையில் கையெழுத்திட்டவர்கள் இதை வழிமொழியத் தயங்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்