இரும்பைச் சுமக்கும் புரதமும் சாயத்தண்ணியும்

ஆசிரியருக்கு,

தேயிலைத் தோட்டங்களில் இரத்தச்சோகை என்றால் ஈமோகுளோபின் அளவோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். அது குறையுமுன்பே உடலின் இரும்புக் கையிருப்பு தீர்ந்திருக்கும்.

இரும்பு இரத்தத்தில் தனியே திரிந்தால் கலங்களைச் சிதைக்கும். ஆகவே டிரான்ஸ்பெரின் என்ற புரதம், மூலக்கூறு ஒன்றுக்கு 2 அணுக்களாக, அதை இரத்தம் உருவாகும் எலும்பு மச்சைக்குச் சுமந்து செல்கிறது. வழக்கமாக அதன் இடங்களில் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கும். அந்த நிரம்பல் 16 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் பற்றாக்குறைதான். கையிருப்பைக் காட்டுவது, இரும்பைச் சேமித்து வைக்கும் புரதமான பெரிட்டின். ஆனால் காய்ச்சல், கிருமித்தொற்று வேளையில் அது உயர்ந்து ஏமாற்றும். குணமானபின் சோதிப்பதே சரி.

ரொட்டியோடு சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) குடித்தால், தேயிலையின் டானின் இரும்பைக் குடலிலேயே கட்டிப்போடும். ஒரு மணிநேரம் தள்ளிக் குடியுங்கள். இரும்பு மாத்திரைக்கும் அப்படியே. கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

வாசகர்கள்,
ஹட்டன்