தரைத்தள அறையைத் திறந்துவிடுங்கள்

வட சென்னை வளர்ச்சித் திட்டத்தைக் கவனிக்கும் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும், ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வாழும் ஒரு தாயின் வணக்கம்.

போன வாரம் எங்கள் பிளாக் மாடிப்படியில் நடந்த வெட்டு பற்றி உங்களுக்குத் தகவல் வந்திருக்கும். செய்தியில் வராததை மட்டும் சொல்கிறேன். அப்போது அந்தப் படியில் பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ரத்தத்தைக் கழுவிவிட்டது அவர்களுடைய அம்மாக்கள். மறுநாள் சாயங்காலமும் பிள்ளைகள் அதே படியில்தான் உட்கார்ந்தார்கள். வேறு எங்கே போவார்கள்?

வீடு இருநூற்றுச் சொச்சம் சதுர அடி. அதில் சமையல், பாட்டியின் படுக்கை, டிவி எல்லாம். அப்பா குடித்துவிட்டு வந்தால் பிள்ளைகள் வெளியே வந்துவிடுவார்கள். படியில் ஏற்கெனவே அண்ணன்மார் இருப்பார்கள். முதலில் பிரியாணி வாங்கித் தருவார்கள். அப்புறம் பைக்கில் ஒரு ரவுண்டு. கொஞ்ச நாள் போனதும், "இந்தக் கவரைத் தெருமுனையில குடுத்துட்டு வாடா" என்பார்கள். எட்டாம் வகுப்புப் பையன் மாட்டினாலும் சீக்கிரம் வெளியே வந்துவிடுவான் என்று அவர்களுக்குத் தெரியும். சட்டம் அவர்களுக்கு அவ்வளவு அத்துப்படி.

போலீஸுக்குத்தான் தெரியவில்லை போல. பிள்ளைகளை லாக்கப்பில் வைக்கவே கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். சம்பவத்துக்கு மறுநாள் பையன்களை நிற்கவைத்து போட்டோ எடுத்துக்கொண்டு, ராத்திரிவரை ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். வழக்கு எதுவும் இல்லை. போட்டோ மட்டும் அவர்கள் போனில் இருக்கிறது.

எங்கள் பிளாக்கின் தரைத்தளத்தில் ஒரு அறை இருக்கிறது. பிள்ளைகளுக்கென்று கட்டியதுதான். இப்போது சிமெண்ட் மூட்டையும் உடைந்த கதவுகளும் குடியிருக்கின்றன. தேர்தல் சமயத்தில் மட்டும் திறந்து, வெள்ளையடித்து, ட்யூப்லைட் போடுவார்கள். ஓட்டு எண்ணி முடிவதற்குள் லைட்டைக் கழற்றிவிடுவார்கள். அந்த அறையைத் திறந்துவிடுங்கள்.

2023 பட்ஜெட்டில் வட சென்னைக்கு 1,000 கோடி ரூபாய் அறிவித்தீர்கள், சந்தோஷம். ஒரு பூட்டைத் திறக்க அதில் எவ்வளவு செலவாகும்? இங்கே பிரச்சினை என்றால், குடிசைகளிலிருந்து அகற்றியவர்களைக் கொண்டுபோய் வைக்கும் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அங்கேயும் படிக்கட்டுதான், எட்டு மாடிக்கு. 2024 உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவரைப் பற்றிப் பேசும்போது வட சென்னை என்று பெருமையாகச் சொல்கிறோம். எங்கள் பிள்ளைகள் கேரம் போர்டை எங்கே வைப்பார்கள் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

கோபத்தில் ஏதாவது அதிகமாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஐந்து முதல் ஒன்பது மணி வரை அந்த அறையைத் திறந்துவிடுங்கள். ரெண்டு லைட், ஒரு ஃபேன் போதும். பெருக்குவது, பூட்டுவது, சாவியை வைத்துக்கொள்வது எல்லாம் பிளாக் பெண்கள் நாங்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறோம். பத்தாவது பிள்ளைகளுக்கு மார்ச்சில் பரீட்சை, அதற்குள் தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள்.