டாக்சியா, வாடகைக் காரா என்று கேட்டதற்கு நீங்கள் தந்த ஆலோசனை குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் வழியாக இத்தாலியில் கார் முன்பதிவு செய்த வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வெளிநாட்டுக் கார் முன்பதிவுப் பிரிவு,
சென்னை.

பொருள்: ஃபுளோரன்ஸ் நகரில் எடுத்த வாடகைக் கார் – முழுமையற்ற செலவு ஒப்பீடு, கேட்காமல் சேர்த்த காப்பீடு, பின்னர் பிடித்த நிர்வாகக் கட்டணம் – பணத்தைத் திருப்பித் தரவும் ஒப்பீட்டுப் பக்கத்தைத் திருத்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கோடை விடுமுறையில் இத்தாலி போய் வந்தோம். ஊர் திரும்பிப் பல மாதங்கள் ஆன பிறகு என் கிரெடிட் கார்டிலிருந்து மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 50 யூரோவுக்கு மேல், பணம் பிடிக்கப்பட்டது. என்னவென்று விசாரித்தால், ஃபுளோரன்ஸில் உங்கள் மூலம் எடுத்த காருக்கான 'நிர்வாகக் கட்டணம்' என்றார்கள். அதற்கும் சில வாரங்கள் கழித்து அந்நகரக் காவல் துறையிலிருந்து மூன்று அபராதக் கடிதங்கள் வீட்டுக்கு வந்தன. உங்கள் உதவி மையத்துக்கு எழுதினேன். "உள்ளூர்ப் போக்குவரத்து விதிகளை அறிந்துகொள்வது ஓட்டுநரின் பொறுப்பு, நாங்கள் இடைத்தரகர் மட்டுமே" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை ஏற்க முடியாததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முன்பதிவுக்கு முன்னால் உங்கள் ஆலோசகரிடம் போனில் பேசினேன். எல்லா விவரத்தையும் சொன்னேன். நாங்கள் ஐந்து பேர்: நான், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு முழங்கால் வலி. ரோமிலிருந்து ரயிலில் ஃபுளோரன்ஸ் வருகிறோம், பழைய நகரின் நடுவில் தங்குகிறோம், அங்கிருந்து பீசா, சியெனா, சான் ஜிமிஞானோ, முடிந்தால் தெற்கே வால் டோர்ச்சா பள்ளத்தாக்கு வரை பார்க்க ஆசை. டாக்சியே போதுமா, கார் எடுப்பது நல்லதா என்பதுதான் என் கேள்வி. அவர் யோசிக்கவே இல்லை. "ஐந்து பேருக்கு டாக்சி கட்டுப்படியாகாது சார். முதல் நாளே காரை எடுத்துக் கடைசி நாள் விட்டுவிடுங்கள். உங்கள் இஷ்டத்துக்குப் போகலாம், வரலாம்" என்றார். அப்புறம் உங்கள் தளத்தில் இருக்கும் ஒப்பீட்டு அட்டவணையையும் அனுப்பி வைத்தார்.

அந்த அட்டவணையின் அச்சுப் பிரதியை இணைத்திருக்கிறேன், தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். டாக்சி என்ற பக்கத்தில் கிலோமீட்டர் கட்டணம், காத்திருப்பு, இரவுக் கூடுதல், பெட்டிக்குத் தனிக் கட்டணம் என ஒன்று விடாமல் இருக்கிறது. கார் என்ற பக்கத்தில் நாள் வாடகை, பெட்ரோல், அவ்வளவுதான். சுங்கம், பார்க்கிங், குழந்தை இருக்கை, காப்பீடு, கார்டில் பிணையாகப் பிடித்து வைக்கும் தொகை, நகர மையத்துக்குள் நுழையத் தடை எதுவும் இல்லை. ஒரு பக்கத்துச் செலவை மட்டும் முழுதாக எழுதி வைத்தால் பார்ப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது எழுதியவருக்குத் தெரியாமல் இருக்காது.

இப்போது அபராதத்துக்கு வருகிறேன். இத்தாலியின் பழைய நகரங்கள் பலவற்றில் மையப் பகுதி 'இசட்டிஎல்' எனப்படும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி. ஃபுளோரன்ஸ் மட்டுமல்ல, ரோம், பீசா, சியெனா, லூக்கா, பொலோஞா எல்லாவற்றிலும் உண்டு. அனுமதி பெற்ற வண்டிகள் தவிர மற்றவை தடை நேரத்தில் உள்ளே போகக் கூடாது. ஃபுளோரன்ஸில் வார நாள்களில் காலை 7.30 முதல் இரவு 8 மணி வரை தடை. தடுப்புக் கம்பியோ, கை காட்டி நிறுத்தும் போலீஸ்காரரோ கிடையாது. தெரு முனையில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகையும், அதற்கு மேல் ஒரு கேமராவும் மட்டும். கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். காவல் துறை வாடகை நிறுவனத்திடம் ஓட்டியவர் யார் என்று கேட்கும். நிறுவனம் பெயரையும் முகவரியையும் கொடுத்துவிட்டு, கொடுத்த வேலைக்காக வாடிக்கையாளரின் கார்டிலிருந்து பணம் எடுக்கும். என்னிடம் முதலில் பிடித்த தொகை அதுதான். உண்மையான அபராதம் அதன் பிறகு தனியாக வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அதை அனுப்ப 360 நாள் வரை அவகாசம் இருக்கிறது. குறைந்தபட்ச அபராதம் 83 யூரோ, மேலே அஞ்சல் செலவு. வெவ்வேறு நாள்களில் நுழைந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி.

ரயில் நிலையத்திலிருந்து பெட்டிகளோடு ஃபுளோரன்ஸின் பெரெத்தோலா விமான நிலையம் போய்க் காரை எடுத்தோம். வலப்புறம் ஓட்டும் நாட்டில் முதல் மணி நேரம். ஓட்டல் முகவரியை வழிகாட்டிச் செயலியில் போட்டால் அது நேராக வாசலுக்கு அழைத்துப் போனது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அதே வழியில்தான் திரும்பினோம். மூன்றாம் முறை வந்தபோது, வண்டி எங்கே நிற்கிறது என்று வரவேற்பறைப் பெண் தற்செயலாகக் கேட்டார். பதிலைக் கேட்டதும் அவருக்கு முகமே மாறிவிட்டது. விருந்தினரின் கார் எண்ணை முன்கூட்டியே கொடுத்திருந்தால், பெட்டி இறக்க வரும் நேரத்துக்கு ஓட்டலே நகராட்சியில் பதிவு செய்துவிட முடியும் என்றார். அதற்கு மேல் ஒரு வேலையும் இல்லை. ஒரு கார் எண், ஒரு மின்னஞ்சல்.

என் கோபம் இந்த இடத்தில்தான். உங்கள் முன்பதிவுப் படிவம் தங்குமிட முகவரியைக் கட்டாயமாகக் கேட்கிறது. நான் கொடுத்தேன். அந்தத் தெரு தடைப் பகுதிக்குள் இருக்கிறது. ஆண்டு முழுவதும் இத்தாலிக்கு வண்டி முன்பதிவு செய்து தரும் உங்களுக்கு இது தெரியாது என்று நம்பச் சொல்கிறீர்களா? வவுச்சரில் கார் கழுவாமல் திருப்பினால் என்ன கட்டணம் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். நுழைவுத் தடை பற்றி ஒரு வரி இல்லை. அபராதம் என் பெயரில் வந்தது, ஐந்து நாளுக்குள் கட்டினால் கிடைக்கும் 30 சதவீதத் தள்ளுபடியோடு கட்டிவிட்டேன். அதை உங்களிடம் கேட்கவில்லை. டாக்சி எடுத்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. உரிமம் பெற்ற டாக்சி அந்தப் பகுதிக்குள் தாராளமாகப் போகும், முழங்கால் வலிக்காரரை ஓட்டல் வாசலிலேயே இறக்கிவிடும். உங்கள் அட்டவணையில் டாக்சிக்குச் சாதகமான இந்த ஒரு விஷயம் மட்டும் எப்படி விடுபட்டது?

காப்பீடு விஷயம் இன்னும் மோசம். பணம் கட்டும் பக்கத்தில் 'முழுப் பாதுகாப்பு' என்ற பெட்டியில் முன்கூட்டியே டிக் போடப்பட்டிருந்தது, தொகையும் மொத்தத்தில் சேர்ந்துவிட்டது. சரி, காப்பீடு இருப்பது நல்லதுதானே என்று அதோடு கட்டினேன். அங்கே வாடகை நிறுவனத்தின் கவுன்டரில் வவுச்சரைக் காட்டினால், அது எனக்கும் உங்களுக்கும் இடையிலான ஏற்பாடு, தங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். வண்டியில் கீறல் விழுந்தாலும் அவர்கள் என் கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்களாம், அப்புறம் நான் ரசீது அனுப்பி உங்களிடம் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். 'முழுப் பாதுகாப்பு' என்ற பெயருக்கு இதுதான் பொருள் என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள்?

அதோடு 2,000 யூரோவைக் கார்டில் பிடித்து வைப்போம் என்றார்கள். ஓட்டுபவர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு வேண்டும், வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகும் ஃபாரெக்ஸ் கார்டு செல்லாது. நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பலர் பயணப் பணத்தை ஃபாரெக்ஸ் கார்டில்தான் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கிட்டத்தட்ட இரண்டு லட்ச ரூபாய் முடங்கினால் மீதிப் பயணத்துக்கு என் கார்டில் எதுவும் மிஞ்சாது. அதைத் தவிர்க்க வேறு வழியில்லாமல் நாளுக்கு 28 யூரோ கொடுத்து அவர்களுடைய காப்பீட்டையும் எடுத்தேன். ஒரே காருக்கு இரண்டு காப்பீடு. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்துக்கும் இதே கதைதான், அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

வவுச்சரில் 'இந்திய ஓட்டுநர் உரிமம் ஏற்கப்படும்' என்று இருக்கிறது. இதையும் உடனே திருத்துங்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ அதிகாரபூர்வ மொழிபெயர்ப்போ இருக்க வேண்டும் என்பது இத்தாலியின் சட்டம். நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய்க் கட்டணத்தில் அந்த அனுமதி கிடைக்கிறது, ஓராண்டு செல்லும். அலுவலக நண்பர் சொன்னதால் நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். உங்கள் வவுச்சரை மட்டும் நம்பிப் போகிற ஒருவர் கவுன்டரில் திருப்பி அனுப்பப்பட்டால், கட்டிய வாடகையும் போய், குடும்பத்தோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

குழந்தை இருக்கையும் அப்படியே. 150 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம் என்று இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து நாள் வாடகை வாங்கினார்கள். விதி நியாயமானது, பிள்ளைகளின் பாதுகாப்புக்கு நான் கணக்குப் பார்க்கவில்லை. ஆனால் டாக்சியில் பின்னிருக்கையில் பெரியவரோடு உட்காரும் குழந்தைக்கு இந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. செலவை ஒப்பிடும்போது இதுவும் வர வேண்டாமா? பார்க்கிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தடை பற்றித் தெரிந்த பிறகு காரைத் தனியார் கராஜில் விட்டுவிட்டு, அதற்கு வாடகையும் கட்டிக்கொண்டு, பீசாவுக்கு நாங்கள் போனது ரயிலில்.

வாடகைக் கார் எடுப்பதே தவறு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கியாந்தி மலைகளின் ஊடே போகும் 222ஆம் எண் சாலையில் ஒரு நாள் முழுக்க ஓட்டினோம். திராட்சைத் தோட்டம், ஆலிவ் மரம், வளைவுக்கு வளைவு ஒரு கல் வீடு. அம்மா நிறுத்தச் சொன்ன இடத்திலெல்லாம் நிறுத்தினோம். கிரேவே ஊர்ச் சந்தையில் நினைத்த நேரம் உட்கார்ந்திருந்தோம். வால் டோர்ச்சாவின் பியென்சா, மொந்தால்சினோ பக்கம் பேருந்து மிகக் குறைவு, சொந்தக் கையில் வண்டி இருந்தால்தான் அந்தப் பகுதியைப் பார்க்க முடியும். மீட்டர் ஓடும் டாக்சியில் அந்த நிம்மதி கிடைக்காது. அந்த நாளுக்காக உங்களுக்கு நன்றி சொல்லவும் தயாராக இருக்கிறேன்.

ஆனால் நேர்மையான ஆலோசகர் என் கேள்விக்கு வேறு பதில் சொல்லியிருப்பார். ஃபுளோரன்ஸுக்குள் இருக்கும் வரை கார் வேண்டாம், நடந்தும் டாக்சியிலும் சமாளிக்கலாம். ஐந்து பேர் என்றால் பெரிய வண்டி வேண்டும் என்று சொல்லி அழையுங்கள். பீசாவுக்கு சாந்தா மரியா நொவெல்லா நிலையத்திலிருந்து ஒரு மணி நேர ரயில். சியெனாவுக்கு ரயிலைவிடப் பேருந்து நல்லது, ரயில் நிலையம் மலையடியில் இருக்கிறது, பேருந்து மேலே ஊர் வரை போகும், அம்மாவின் முழங்காலுக்கு அதுதான் சரி. கிராமப்புறத்துக்கு மட்டும் ஓரிரு நாள் கார் எடுங்கள். அதையும் விமான நிலையத்தில் எடுத்து அங்கேயே விடுங்கள், 2019 முதல் நகர மையத்திலிருந்து அங்கே டிராம் ஓடுகிறது. ஓட்டத் தயக்கமாக இருந்தால் அங்கே 'என்சிசி' என்கிற, ஓட்டுநரோடு வரும் வாடகை வண்டியைப் பேசிக்கொள்ளலாம். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது. சொல்லியிருந்தால் உங்களுக்கு வாடகை நாள்கள் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

இடைத்தரகர் மட்டுமே என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். ஒப்பீட்டு அட்டவணை உங்களுடையது, போனில் ஆலோசனை சொன்னவர் உங்கள் ஊழியர், டிக் போட்ட பெட்டி உங்கள் பக்கத்தில் இருந்தது, காப்பீட்டுப் பணம் உங்கள் கணக்குக்கு வந்தது. இவற்றில் இத்தாலிய நிறுவனத்துக்கு என்ன பங்கு? வாடிக்கையாளரின் சம்மதத்தை முன்கூட்டி டிக் போட்ட பெட்டி மூலம் பெறக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. கேட்காத ஒன்றைக் கூடையில் சேர்ப்பதும், செலவை மறைத்து வைத்துப் பிறகு காட்டுவதும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் தடை செய்த 13 ஏமாற்று வடிவமைப்புகளில் வருகின்றன.

எனவே நீங்கள் என்னிடம் வசூலித்த 'முழுப் பாதுகாப்பு'த் தொகையை முழுவதும் திருப்பித் தர வேண்டும். மூன்று நிர்வாகக் கட்டணங்களையும் ஈடு செய்ய வேண்டும், ஏனென்றால் முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் சொல்லாமல் விட்டதால் வந்த செலவு அது. இவற்றைவிட நான் அதிகம் வற்புறுத்துவது அந்த ஒப்பீட்டுப் பக்கத்தைத்தான். இரண்டு பக்கத்துக்கும் முழுச் செலவு வரும்படி அதை மாற்றுங்கள், மாற்றும் வரை எடுத்துவிடுங்கள். தங்குமிடம் தடைப் பகுதிக்குள் இருந்தால் முன்பதிவு செய்யும்போதே எச்சரிக்கை வர வேண்டும். சர்வதேச அனுமதி, கிரெடிட் கார்டு, பிடித்து வைக்கும் தொகை மூன்றும் பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே இருக்க வேண்டும். அடுத்த விடுமுறைக்கு இப்போதே உங்கள் தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

அதே 2020 மின்வணிக விதிகளின்படி இந்தக் கடிதம் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பதில் எழுத்து வடிவில், மின்னஞ்சலில் வர வேண்டும், போன் அழைப்பு வேண்டாம். தீர்வு வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர இடம் தருவதால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

இணைப்பு: முன்பதிவு வவுச்சர், ஒப்பீட்டு அட்டவணையின் அச்சுப் பிரதி, பணம் கட்டிய பக்கத்தின் படம், கவுன்டர் ரசீது, கிரெடிட் கார்டு அறிக்கை, உங்கள் உதவி மையத்தின் பதில்.