காம்போ முதல் கென்னடி மெடோஸ் வரை: ஒரு தண்ணீர்க் கணக்கு

சான் டியேகோ
பிப்ரவரி 9

அன்புள்ள வசந்தி,

பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்ற நெடுவழியில் நடக்க உனக்கு பெர்மிட் கிடைத்துவிட்டது என்று படித்தவுடன் சந்தோஷத்தில் சத்தமாகக் கூவிவிட்டேன். மெக்சிகோ எல்லையிலிருந்து நடையைத் தொடங்க ஒரு நாளைக்கு 50 பேருக்குத்தான் அனுமதி. அதற்கு உலகம் முழுவதிலுமிருந்து விண்ணப்பிக்கிறார்கள். கோயம்புத்தூரில் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருத்தி, அதுவும் என் வசந்தி, ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அதில் இடம் பிடித்திருக்கிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்! அம்மாவிடம் சொன்னேன். "வசந்தி தைராய்டுக்கு மருந்து சாப்பிடுகிறாளே, காட்டு வழியில் அதற்கு என்ன செய்வாள்?" என்றுதான் உடனே கேட்டார். அந்தக் கேள்விக்கும் நீ கேட்ட தண்ணீர் விஷயத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா கைத்தடி இல்லாமலே தெருமுனை வரை போய் வருகிறார். மகன் விடுதிக்குப் போய்விட்டான். சனி, ஞாயிறுகளில் மலைக்குப் போக எனக்கு இப்போது தாராளமாக நேரம் இருக்கிறது. அப்பாவுக்குக் கண்புரை எடுத்தாயிற்றா? நீ எழுதவே இல்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "நாளைக்கு நான்கு லிட்டர், ஐம்பது நாள், ஆக 200 மாத்திரை. இங்கேயே வாங்கி வந்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். பெருக்கலில் தவறில்லை. ஆனால் அந்த 200 லிட்டரும் ஒரே மாதிரித் தண்ணீராக இருக்காது. சில ஊர்களில் குழாயில் நல்ல தண்ணீர் வரும். சில இடங்களில் மாடும் குதிரையும் வாய் வைக்கும் தொட்டிதான் கதி. பனி உருகி ஓடும் தெளிந்த ஓடையும் உண்டு, பால் போலக் கலங்கி வரும் ஆறும் உண்டு. எந்த இடத்தில் எப்படிப்பட்ட தண்ணீர், அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டுத்தான் எதை எத்தனை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். இந்த வழியில் நடப்பவர்கள் உணவுக்கும் கூடாரத்துக்கும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள், தண்ணீர் மருந்தைக் கடைசி நாளில் பைக்குள் போடுகிறார்கள். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம்.

பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் மொத்தம் 2,650 மைல், அதாவது ஏறத்தாழ 4,265 கி.மீ. நீ நடக்கப்போவது மெக்சிகோ எல்லையோரக் காம்போவிலிருந்து கென்னடி மெடோஸ் வரை 702 மைல், சுமார் 1,130 கி.மீ. (வழியில் எல்லோரும் மைலில்தான் பேசுவார்கள், வரைபடங்களும் அப்படித்தான். இப்போதே பழகிக்கொள்.) வறண்ட பகுதியில் பெரும்பங்கு இந்த 702 மைலுக்குள்தான் இருக்கிறது. அதற்கு வடக்கே சியரா நெவாடா மலைக்குள் நுழைந்துவிட்டால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

முதல் வாரத்திலேயே வரும் ஒரு பகுதியை எடுத்துக்கொள். 77-ஆவது மைலில் சிஸர்ஸ் கிராசிங் என்ற சாலைச் சந்திப்பு. அங்கே ஓடும் சான் பெலிப்பே ஓடை மாடுகள் புழங்கும் ஓடை, சில ஆண்டுகளில் வெறும் சேறுதான். அடுத்து உறுதியாகத் தண்ணீர் கிடைக்கும் இடம் 101-ஆவது மைலில் பேரல் ஸ்பிரிங். குழாயிலிருந்து தொட்டியில் விழும் ஊற்றுநீர் அது. நடுவே 24 மைலுக்கு நிழலில்லாத மலைச்சரிவு. 91-ஆவது மைல் அருகே தன்னார்வலர்கள் தண்ணீர் கேன்களைச் சுமந்துவந்து அடுக்கி வைப்பார்கள். அது அவர்களுடைய நல்ல மனசு. ஆனால் நீ போகும் நாளில் அது காலியாக இருக்கலாம். வழியைப் பராமரிக்கும் சங்கமே அப்படிப்பட்ட தண்ணீரை நம்பித் திட்டமிட வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ஆகவே சிஸர்ஸ் கிராசிங்குக்கு முன்பே, 68-ஆவது மைலில் உள்ள தீயணைப்புத் தொட்டியில் நிரப்பிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். ஆறு லிட்டர் என்றால் ஆறு கிலோ. முதுகு உடனே சொல்லிவிடும்.

சுமக்கும் கொள்ளளவு உனக்கு ஆறு லிட்டர் கட்டாயம் வேண்டும். எந்த மருந்து வாங்கினாலும் அடைத்துச் செல்லப் பாத்திரம் இல்லாவிட்டால் பயனில்லை. இங்கே பெட்ரோல் பங்க் கடைகளில் விற்கும் மெல்லிய ஒரு லிட்டர் பாட்டில் நான்கும், மடித்துவைக்கக்கூடிய இரண்டு லிட்டர்ப் பை ஒன்றும் போதும். அங்கிருந்து பாட்டில் கொண்டுவராதே. நான் சொல்லப்போகும் ஃபில்டரை இங்குள்ள பாட்டில்களின் வாயில் நேராகத் திருகலாம். நம் ஊர் பாட்டில்களின் மரை எல்லாம் அதற்குப் பொருந்துவதில்லை.

அந்த ஃபில்டர்தான் உன் முதல் ஆயுதம். சாயர் ஸ்குவீஸ் என்ற வகை, எடை 85 கிராம் அளவுதான். உள்ளே நூல் நூலாக நுண்குழல்கள் கட்டாக இருக்கும். அவற்றின் சுவர்த் துளை 0.1 மைக்ரான். மாட்டுச் சாணம் கலந்த தண்ணீரில் நாம் பயப்பட வேண்டியவை வயிற்றுப்போக்கு தரும் இரண்டு ஒட்டுண்ணிகள்: ஜியார்டியா சுமார் 10 மைக்ரான், கிரிப்டோஸ்போரிடியம் (சுருக்கமாகக் கிரிப்டோ) 4 முதல் 6 மைக்ரான். இரண்டும் அந்தத் துளையில் நுழைய முடியாது, பாக்டீரியாக்களும் நின்றுவிடும். வைரஸ்கள் மட்டும் தப்பிவிடும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸ் 0.03 மைக்ரான் அளவுதான் என்பதால் இந்தச் சல்லடைக்கு அது அகப்படாது.

ஃபில்டர் விஷயத்தில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். பாட்டில் வாயோடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது கழன்று மண்ணில் விழுந்துவிட்டால் அழுக்குத் தண்ணீர் ஓரமாகக் கசிந்து சுத்தத் தண்ணீரோடு கலக்கும். தோட்டக் குழாய்க்குப் போடும் சாதாரண வாஷரே அதற்குப் பொருந்தும். இரண்டு வாங்கி மருந்துப் பையில் போட்டுவிடுகிறேன். அடுத்து, சில நாளில் துளைகள் அடைபட்டு, கை வலிக்க அழுத்தினாலும் சொட்டுச் சொட்டாக வரும். அப்போது ஊசி போடும் சிரிஞ்ச் போன்ற குழலில் சுத்தமான தண்ணீரை எடுத்து எதிர்ப்பக்கமிருந்து வேகமாகச் செலுத்த வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் இதைச் செய்துவிடு.

மூன்றாவது, உறைபனி. நனைந்த ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் உள்ளிருக்கும் குழல்கள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், ஆனால் எதையும் தடுக்காது. வீட்டில் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. பாலைவனத்தில் ஏது உறைபனி என்று நினைக்காதே. சான் ஹசிண்டோ மலையில் வழி சுமார் 2,700 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது, ஏப்ரலில் அங்கே பனி கிடக்கும். மாலையில் வேலை முடிந்ததும் ஃபில்டரை நன்றாக உதறி, ஜிப் வைத்த பையில் போட்டு, தூக்கப்பைக்குள் உன் வயிற்றருகே வைத்துக்கொண்டு படு. இரவில் உறைந்திருக்குமோ என்று லேசான சந்தேகம் வந்தாலும் அதைக் குப்பையில் போட்டுவிட்டு மாத்திரைக்கு மாறிவிடு. முப்பது, நாற்பது டாலரைப் பார்த்து வயிற்றைப் பணயம் வைக்காதே.

இனி மருந்து. அம்மா கேட்ட கேள்வி இங்கேதான் வருகிறது. அயோடின் மாத்திரை உனக்கு ஆகவே ஆகாது. தைராய்டு கோளாறு உள்ளவர்கள் அதை வாரக்கணக்கில் குடிக்கக் கூடாது. அது கிரிப்டோஸ்போரிடியத்தையும் கொல்லாது. வழியில் யாராவது அன்போடு நீட்டினாலும் மறுத்துவிடு. வீட்டு பிளீச்சைச் சொட்டு மருந்துக் குப்பியில் வைத்துக்கொண்டு, லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு அரை மணி காத்திருப்பவர்களும் உண்டு. மலிவானதுதான், வைரஸுக்கும் பாக்டீரியாவுக்கும் கேட்கும். ஆனால் அதுவும் கிரிப்டோவிடம் தோற்றுப்போகும். புற ஊதாக் கதிர் பேனா கலங்கிய தண்ணீரில் வேலை செய்யாது, பேட்டரி வேறு வேண்டும். கொதிக்கவைத்தால் எல்லாம் சாகும், ஆனால் அவ்வளவு எரிவாயுவை யார் சுமப்பது?

உனக்கு நான் சொல்வது குளோரின் டை ஆக்சைடு மாத்திரை. ஒரு லிட்டருக்கு ஒன்று. பாக்டீரியா, வைரஸ், ஜியார்டியாவுக்கு அரை மணி, கிரிப்டோவுக்கு நான்கு மணி நேரம். நண்பகல் வெயிலில் நாக்கு வறண்டு நிற்கும்போது நான்கு மணி நேரம் யாரால் காத்திருக்க முடியும்? ஆகவே மாத்திரையை இரவு வேலைக்கு வைத்துக்கொள். மாலையில் கூடாரம் அடித்ததும் மறுநாள் காலைக்கான தண்ணீரில் போட்டு, வெளிச்சம் படாமல் பைக்குள் வைத்துவிட்டால் விடிவதற்குள் தயாராகிவிடும். பகலில் ஃபில்டர், இரவில் மாத்திரை. ஊருக்கு அருகிலும் கூட்டமாகத் தங்கும் இடங்களிலும் ஃபில்டரில் வடித்த தண்ணீரிலேயே ஒரு மாத்திரை போட்டு அரை மணி விட்டுவிடு, வைரஸுக்கும் வழி அடைபடும்.

எத்தனை மாத்திரை? ஃபில்டர் பாழானால் அடுத்த ஊர் போய்ச் சேரும் வரை தாங்க வேண்டும், இதுதான் என் அளவுகோல். உன் வழியில் ஊருக்கு ஊர் உள்ள தூரத்தைப் பார்த்தேன். மிக நீளமானது கடைசிக் கட்டம்: தெஹாச்சப்பியிலிருந்து கென்னடி மெடோஸ் வரை 136 மைல், சுமார் 219 கி.மீ. நாளைக்கு 25 கி.மீ. என்றால் ஒன்பது நாள், நாளைக்கு ஐந்து லிட்டர் என்றால் 45 மாத்திரை. (நான்கு லிட்டர் என்று எழுதியிருந்தாய். சமையலோடு சேர்த்து ஐந்து என்றே வை.) மற்ற கட்டங்கள் எல்லாம் இதைவிடக் குறைவு. அதனால் தொடக்கத்தில் 30, வழியில் வரும் ஐடில்வைல்ட் என்ற ஊரில் 15, தெஹாச்சப்பியில் 45. ஆக மொத்தம் 90, முப்பது மாத்திரைப் பெட்டியில் மூன்று. ஐடில்வைல்டுக்கும் தெஹாச்சப்பிக்கும் உணவுப் பெட்டி அனுப்பும்போது நானே உள்ளே வைத்துவிடுகிறேன்.

அந்தக் கடைசிக் கட்டம்தான் எனக்குக் கவலை. வாக்கர் பாஸ் என்ற கணவாயை எட்டுவதற்கு முந்தைய நாற்பது மைல் அளவுக்கு நம்பகமான தண்ணீர் மிக அரிது. இடையில் ஜோஷுவா ட்ரீ ஸ்பிரிங் என்று ஓர் ஊற்று இருக்கிறது. அதன் நீரில் யுரேனியம் அளவுக்கு மேல் இருப்பதாக அறிவிப்பு வைத்திருக்கிறார்கள். நீ இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கரைந்திருப்பதை 0.1 மைக்ரான் சல்லடை பிடிக்காது, மாத்திரை மாற்றாது, கொதிக்கவைத்தால் செறிவு கூடும். தேங்கிய குளங்களில் நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தாலும் இதே கதைதான், அதன் நஞ்சு கொதித்தாலும் போகாது. இப்படிப்பட்ட தண்ணீரைச் சுத்தம் செய்ய நம் பையில் ஒன்றுமே கிடையாது. முன்பே சுமந்து வருவதுதான் ஒரே வழி.

சான் ஹசிண்டோவிலிருந்து இறங்கும்போதும் இப்படித்தான். மலைமேல் கடைசி ஓடையைத் தாண்டியபின் அடிவாரக் குழாய் வரை சுமார் 20 மைலுக்குத் தண்ணீர் இல்லை. இறக்கம்தானே என்று ஏமாந்துவிடாதே, இறங்க இறங்க வெயில் ஏறும். ஓடையிலேயே ஒரு லிட்டரை நிதானமாகக் குடித்துவிட்டுப் பாட்டில்களை நிரப்பு.

அதற்குப் பின் வரும் வைட்வாட்டர் ஆறு பெயருக்கேற்ப வெளுத்துக் கலங்கி ஓடும். நேராக ஃபில்டரில் விட்டால் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். உங்கள் பாட்டி மண்பானையின் உள்சுவரில் தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டு ஆற்றுத் தண்ணீரைத் தெளியவைப்பாரே, அதே வேலையைப் படிகாரம் செய்யும். ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி அரை மணி வைத்தால் சேறு திரண்டு அடியில் படியும். மேல்நீரைக் கைக்குட்டையில் இறுத்து, பிறகு ஃபில்டரில் விடு. படிகாரம் இங்கே இந்தியக் கடையிலேயே கிடைக்கிறது. தேத்தாங்கொட்டை கொண்டுவராதே, விதை என்று விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

308-ஆவது மைலில் டீப் கிரீக் வெந்நீர் ஊற்றுகள் வரும். கால் வலிக்குச் சுகமாக இருக்கும், இறங்கு. ஆனால் தலையை முக்காதே. கேரளத்துச் செய்திகளில் நீ படித்திருக்கும் மூளைக்காய்ச்சல் அமீபா பற்றி அங்கேயும் எச்சரிக்கை உண்டு. குடித்தால் வராது, மூக்கு வழியாகத்தான் ஏறும்.

கை கழுவுவதையும் இதோடு சேர்த்துக்கொள். நெடுவழியில் வயிற்றுப்போக்கு வருவதற்குத் தண்ணீரைவிடக் கைதான் பல நேரம் காரணம் என்று நான் நினைக்கிறேன். நோரோ வைரஸுக்குச் சானிடைசர் சரியாகக் கேட்காது, சோப்பும் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். யாராவது சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினால் உள்ளே கையை விடாமல் உன் உள்ளங்கையில் கொட்டச் சொல்.

அங்கிருந்து நீ கொண்டுவர வேண்டியது ஒன்றே ஒன்று: மருந்துக்கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், முப்பது. இங்கே அது அநியாய விலை. வெயிலில் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடித்தால் உப்பு குறைந்து தலை சுற்றும். மதியம் ஒரு பாக்கெட் கட்டாயம். உன் தைராய்டு மருந்தை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றைப் பைக்குள்ளும் மற்றதை என்னிடமும் வை.

வார்னர் ஸ்பிரிங்ஸ் வரை, அதாவது முதல் 109 மைல், நானும் உன்னோடு வருகிறேன். மேலாளரிடம் விடுப்பு கேட்டாயிற்று. அந்த நாள்களில் ஃபில்டரை அழுத்துவதும் திருப்பிக் கழுவுவதும் உன் கைக்குப் பழகிவிடும். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று முன்னே போனவர்கள் எழுதும் குறிப்புகளைப் பார்க்க ஃபார்அவுட் செயலியை இப்போதே போனில் ஏற்றிக்கொள். கோயம்புத்தூரில் இருக்கும்போதே வரைபடத்தையும் இறக்கிவிடு, மலையில் சிக்னல் இருக்காது.

வரும் சனிக்கிழமை கடைக்குப் போகிறேன். அதற்குள் ஒரு வரி எழுது: மடிக்கும் பை இரண்டு லிட்டர் போதுமா, மூன்று லிட்டராக வாங்கட்டுமா? உன் தோள்பட்டை வலி இப்போது எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

அன்புடன்,
உன் சுமதி