டிக்கெட் சாஃப்ட்வேர் அப்டேட் எதுக்குன்னா...

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் நம்ம கம்ப்ளெயின்ட் டிக்கெட் சாஃப்ட்வேர் வச்சிருக்க அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம்.

வர்ற ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு அப்டேட் போடுறோம், திங்கக்கிழமை காலைல எல்லாரையும் மறுபடி லாகின் பண்ணச் சொல்லும், பயந்துக்காதீங்க.

ஆத்தங்குடி கல்லு வாங்குன கஸ்டமர் "நாலு கல்லு ஒடஞ்சு வந்திருக்கு"ன்னு டிக்கெட் போட்டா அது வெறும் எழுத்து. அதே கட்டத்துல ஒருத்தன் ஜாவாஸ்கிரிப்ட் கோடு (பிரவுசருக்குள்ள ஓடுற புரோகிராம்) எழுதி அனுப்பி, சாஃப்ட்வேரும் அத சுத்தம் பண்ணாம அப்படியே பக்கத்துல போட்டுருச்சுன்னா, நீங்க டிக்கெட்ட தொறந்த உடனே உங்க குரோம்ல அது ஓட ஆரம்பிச்சிடும், எதையும் டவுன்லோட் பண்ணக்கூட வேணாம். நீங்க லாகின்ல இருக்கீங்கன்னு காட்டுற அடையாளச் சீட்டு மாதிரியான உங்க லாகின் குக்கிய எடுத்துக்கிட்டு உங்க பேர்லயே உள்ள வந்துடுவான். இதத்தான் கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்னு சொல்றாங்க. டிக்கெட் சாஃப்ட்வேர்ல இது ரொம்ப ஆபத்து, ஏன்னா முகம் தெரியாத ஆளு எழுதுறத முதல்ல தொறந்து படிக்கிறதே அட்மின்தான்.

2010 ஏப்ரல்ல இலவச சாஃப்ட்வேர் பண்ற பெரிய அமைப்பான அப்பாச்சி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்கே இது நடந்துச்சு. அவங்க வச்சிருந்த ஜிராங்கிற டிக்கெட் சாஃப்ட்வேர்ல ஒருத்தன் "பிராஜெக்ட் பாக்கும்போது எரர் வருது"ன்னு டிக்கெட் போட்டு ஒரு சுருக்கின லிங்க்க ஒட்டிருந்தான், என்னன்னு பாப்போமேன்னு அட்மின்கள் கிளிக் பண்ணாங்க, அந்த லிங்க் திரும்ப ஜிராவுக்கே போயி இதே மாதிரி ஓட்டை வழியா கோட ஓட்டுச்சு, அவங்க லாகின் திருடன் கைக்குப் போயிருச்சு. இன்னொரு பக்கம் அந்தத் திருடனுங்க பாஸ்வேர்ட மாத்தி மாத்தி அடிச்சும் பாத்திருக்காங்க. அட்மின் கைக்கு வந்ததும் லாகின் பண்றவங்க பாஸ்வேர்டயெல்லாம் சேத்து எடுக்குற அளவுக்குப் போயிட்டாங்க. நடந்தத மறைக்காம அப்பாச்சிக்காரங்களே முழுசா வெளிய சொன்னாங்க, அதுக்கு அவங்களுக்குப் பெரிய மரியாத. பக்ஸில்லா, மாண்டிஸ், ரெட்மைன்ங்கிற மத்த டிக்கெட் சாஃப்ட்வேர்லயும் இந்த மாதிரி ஓட்டை கண்டுபிடிச்சு கண்டுபிடிச்சு அடச்சிருக்காங்க.

இனிமே டிக்கெட்ல யார் என்ன எழுதுனாலும், தலைப்பு, கமென்ட், ஃபைல் பேரு உட்பட, எழுத்தா மட்டும்தான் தெரியும், கோடா ஓடாது. அதனால பழைய டிக்கெட்ல கலர், போல்ட் எல்லாம் போயிரும், கொஞ்சம் பொறுத்துக்கங்க. எஸ்விஜிங்கிற வகைப் படத்துக்குள்ளயும் ஸ்கிரிப்ட் ஒளிஞ்சிருக்கலாம்ங்கிறதால அது நேரா தொறக்காது, டவுன்லோட் மட்டும்தான். குக்கிய ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி எச்டிடிபிஒன்லிங்கிற பூட்டு போட்டிருக்கோம், ஆனா அது மட்டும் பத்தாது, உள்ள ஓடுற கோடு குக்கிய எடுக்காமலே உங்க பேர்ல பட்டன அமுக்கிடும்.

ஒண்ணு மட்டும் உங்க கையில இருக்கு. தெரியாத ஆளு டிக்கெட்ல சுருக்கின லிங்க் வந்தா அட்மின் லாகின்ல இருக்கும்போது தொடாதீங்க, எங்களுக்கு அனுப்புங்க நாங்க பாத்துச் சொல்றோம். லாட்ஜ், மெஸ் வச்சிருக்கவங்க கவுன்டர் பையனுக்கு அட்மின் லாகின் குடுத்திருந்தா சாதா லாகினா மாத்திக்கங்க. பாஸ்வேர்ட் மறந்தவங்க சனிக்கிழமைக்குள்ள ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுருங்க, திங்கக்கிழமை காலைல லைன் கிடைக்கிறது கஷ்டம்.