தென்னங்காணி மாடுகளும் புல்லின் ஓய்வு நாட்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பால்மா விலை ஏறும்போதெல்லாம் "நாட்டில் மேய்ச்சல் தரை இல்லை" என்ற பேச்சும் கூடவே எழுகிறது. கிழக்கிலங்கைப் பட்டிக்காரரைப் பொறுத்தவரை அது உண்மையான குறை. அந்த வழக்கு வேறு. கொழும்பில் இருந்துகொண்டு குருநாகல், சிலாபம், புத்தளம் பக்கம் தென்னங்காணி வைத்திருப்போரிடம் தரையும் உண்டு, புல்லும் உண்டு. மாட்டைத் தென்னையில் கட்டி மேய்ப்பதால்தான் அந்தப் புல் வீணாகிறது. கயிறு எட்டும் வட்டம் மொட்டையாகிறது. எட்டாத இடத்தில் புல் முற்றித் தண்டாகிறது.

காணியைத் துண்டுகளாகப் பிரித்து, நாளுக்கொரு துண்டாக மாடுகளை நகர்த்துவதே சுழற்சி மேய்ச்சல். மழைக்காலத்தில் கடிபட்ட புல் மூன்றாம் நான்காம் நாளே துளிர்க்கும். மாட்டுக்கு அந்தத் துளிர்தான் பிடிக்கும். அதையும் கடித்துவிட்டால், வேரில் சேமித்த சத்தைக் கொண்டே புல் மறுபடி முளைக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் நல்ல புல் போய்த் தொட்டாற்சிணுங்கி வரும். ஆகவே எந்தத் துண்டிலும் மூன்று நாளுக்கு மேல் மாடு நிற்கக்கூடாது.

துண்டின் அளவை ஊகத்தில் விடாமல் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒரு மீற்றர் நீள அகலச் சட்டத்தை ஐந்தாறு இடங்களில் வைத்து, மாடு விட்டுப்போக வேண்டிய உயரத்துக்கு மேலுள்ள புல்லை மட்டும் வெட்டி நிறுங்கள். சராசரி 700 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பச்சைப்புல்லில் ஐந்திலொரு பங்குதான் உலர்நிலைத் தீனி, அதாவது ஈரம் போக மிஞ்சும் தீனி. அது 140 கிராம். மிதிபட்டும் சாணம் பட்டும் வீணாவதற்கு 30 வீதம் கழித்தால் மிஞ்சுவது 98 கிராம். 350 கிலோ எடையுள்ள பசு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ உலர்நிலைத் தீனி தின்னும். பத்துப் பசுவுக்கு 100 கிலோ, அதாவது ஏறக்குறைய 1,020 சதுர மீற்றர், கால் ஏக்கர். 8 மீற்றர் இடைவெளியில் தென்னை நட்ட காணியில், நான்கு மரங்களுக்கு நடுவிலுள்ள இடத்தை ஒரு சதுரம் என்று கொண்டால், இது 16 சதுரம். மரத்தடியில் பசளையிடும் வட்டத்தைக் கழித்தால் 20 சதுரம் தேவை. 28 நாள் ஓய்வு கொடுக்க 29 துண்டு வேண்டும். மொத்தம் 9 ஏக்கரைச் சற்றுத் தாண்டும். நிழல் கூடிய காணியில் புல் குறையும், துண்டு பெரிதாகும்.

உயரம்தான் அளவுகோல், நாட்காட்டி அல்ல. பிரேக்கியாரியாப் புல் 30 சென்ரிமீற்றர் வளர்ந்ததும் மாட்டை விட்டு, 15 ஆனதும் எடுக்க வேண்டும். கினிப்புல்லுக்கு 70இல் நுழைவு, 30இல் வெளியேற்றம். நியூசிலாந்துப் பண்ணைகள் நாலைந்து சென்ரிமீற்றர் வரை ஒட்ட மேய்க்கின்றன என்று அதைப் பார்த்துச் செய்பவர்கள் உண்டு. அது குளிர்நாட்டு ரைகிராஸுக்குப் பொருந்தும். நம் கினிப்புல்லின் குருத்து உயரத்தில் இருப்பதால் அப்படி மேய்த்தால் தூர் செத்துவிடும். சீ.ஓ.-3 என்ற கலப்பு நேப்பியர்ப் புல்லை மேய்ச்சலுக்கு விடவே வேண்டாம், அது வெட்டிப் போடும் புல்.

அதிகம் பேர் சறுக்குவது வறட்சியில். புல் வளர்ச்சி குறைந்ததும் துண்டில் தீனி காணாது; ஒரு நாளுக்கு விட்ட துண்டு அரைநாளில் தீரும். உடனே அடுத்த துண்டைத் திறந்துவிடுகிறார்கள். 28 நாள் ஓய்வு 20 ஆகும், பிறகு 14 ஆகும். ஓய்வு குறையக் குறையப் புல்லும் குறையும், சுற்று இன்னும் வேகமெடுக்கும். பிரெஞ்சு ஆய்வாளர் ஆந்திரே வொய்சின் 1950களிலேயே இந்தப் பொறியை எச்சரித்தார். வறட்சியில் ஓய்வை 45 முதல் 60 நாளாக நீட்டுவதே சரி. அந்த இடைவெளியை வைக்கோலாலும், வாட்டிய கிளிரிசீடியா இலையாலும் (மொத்தத் தீனியில் மூன்றிலொரு பங்குக்குள்) நிரப்ப வேண்டும். பால் வற்றிய மாடுகளை முன்கூட்டியே விற்கத் தயங்குபவர் பெப்ரவரியில் எல்லா மாட்டையும் பட்டினி போடுவார். அடைமழையில் நிலம் சேறானால் ஒரு துண்டைப் பலிகொடுத்து, மாடுகளை அதிலேயே நிறுத்தி, வெட்டிய புல் போடுவது மற்றத் துண்டுகளைக் காக்கும்.

வேலிக்குச் சூரியத் தகட்டில் இயங்கும் மின்வேலிக் கருவியும், 80 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒற்றைக் கம்பியும் போதும். கன்று இருந்தால் 45இல் இன்னொன்று. "ஷொக் அடிக்கவில்லை" என்றால் கருவியைக் குறை சொல்லுமுன், அதை மண்ணோடு இணைக்கும் தரைக்கம்பியைப் பாருங்கள். 2 மீற்றர் நீள நாகமுலாம் பூசிய கம்பிகள் மூன்றை, 3 மீற்றர் இடைவிட்டு, ஈரமான இடத்தில் அடிக்க வேண்டும். மண் காய்ந்தால் மின்சுற்று முழுமையாகாது. வீட்டு 230 வோல்ற்று மின்சாரத்தைக் கம்பிக்குக் கொடுப்பது சட்டவிரோதம். அதில் யானையும் செத்திருக்கிறது, ஆளும் செத்திருக்கிறார்.

பால் மாட்டுக்கு நாளுக்கு 40 முதல் 60 லீற்றர் தண்ணீர் துண்டுக்குள்ளேயே வேண்டும். தொட்டி தூரமானால் மாடு நடையிலேயே பாலை இழக்கும், சாணமும் தொட்டியடியிலேயே குவியும். மாடு வாங்கக் கடன் கேட்பவர்கள் குழாய்க்கும் கம்பிக்கும் கேட்பதில்லை என்பது வினோதம்.

தென்னையைப் பற்றி இரண்டு சொல். ஓலை மாட்டுக்கு எட்டாத உயரம் போகும் வரை இளங்கன்றுத் தோட்டத்தில் மேய்க்க வேண்டாம். வேலிக்கம்பியைத் தாங்கும் காப்பான் (மின் கடத்தாத பிடி) அடிக்க மரத்தில் ஆணி ஏற்றவும் வேண்டாம். காயத்தின் வழியே சிவப்புக் கூன்வண்டு நுழையும். கிளிரிசீடியாக் கட்டையை நட்டால் கம்பிக்கும் ஆகும், இலைக்கும் ஆகும்.

இங்ஙனம்,
மேய்ச்சல் தரைப் பணியில் உள்ள ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு - 06