பீலித் தண்ணீர்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய காசு நேற்று கிடைத்தது. காசு மாதம் தவறாமல் வருகிறது. உன் குரல்தான் அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்குப் பிறகு வரவே இல்லை. நைட் டியூட்டி என்று அண்ணன் சொல்கிறான். நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே மழை விட்டுவிட்டது. மேல் மலையில் கவ்வாத்து நடக்கிறது. பெரியம்மாவைக் குளவி கொட்டி, இரண்டு நாள் வார்டில் இருந்துவிட்டு வந்தார், இப்போது சுகம். உண்டுவப் போயாவோடு சிவனொளிபாதமலைக்கு லைட் போட்டாச்சு. இஸ்தோப்பிலிருந்து பார்த்தால் வரிசையாகத் தெரிகிறது. அம்மாவின் பலகையில் நான் உட்காருவதில்லை.

தகரப் பெட்டியைத் துடைத்தபோது உன் பழைய இங்கிலிஷ் புத்தகம் கிடைத்தது, 'டக் எவர்லாஸ்டிங்'. பத்தாம் தரம் படிக்கும்போது ராத்திரி ராத்திரி அம்மாவுக்குத் தமிழில் சொல்வாயே, அதுதான். குடித்தால் சாவே வராத மரத்தடி ஊற்று ஒன்று அந்தக் கதையில் வருமே, அதை அவள் நாம் தண்ணீர் பிடிக்கும் பீலி மாதிரியே நினைத்துக்கொண்டாள். குடத்தைத் தூக்கும்போது, "இதுல குடிச்சாலும் சாவு வராதா பாப்பா" என்பாள்.

உனக்கு அந்தக் கதைச் சிறுமி வின்னி மேல்தான் கோபம். ஊற்றில் குடித்த ஜெஸி 104 வயதாகியும் 17 வயதுப் பையனாகவே இருந்தான், அவன் கொடுத்த போத்தல் தண்ணீரைத் தேரை மேல் ஊற்றிவிட்டாளே, வைத்திருந்து குடித்திருக்கலாமே என்பாய். அம்மா அவனைப் பற்றிக் கேட்கவே மாட்டாள். அவன் அண்ணன் மைல்ஸைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பாள். வயசு ஏறாததைக் கண்டு பயந்து பெண்டாட்டி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாளே, பிள்ளைகள் கிழமாகும்போதும் அப்பன் வாலிபனாக நிற்பானே, அது என்ன வாழ்வு என்பாள். கடைசியில் வின்னியின் கல்லறையில் 1870–1948 என்று இருந்ததைப் படித்து நீ அழுதாய். "மனைவி, தாய்னு எழுதியிருக்குல்ல, நல்ல சாவு" என்று சொல்லிவிட்டு அவள் தேத்தண்ணி ஊற்றப் போனாள். அந்தத் தேரைக்காகத்தான் வருத்தப்பட்டாள். நடுரோட்டில் நகராமல் உட்கார்ந்திருந்ததை ஜெஸியின் அப்பா டக் தூக்கிப் புல்லில் விட்டார் என்றதும், "பாவம், அதுகிட்ட யாரு கேட்டா" என்றாள்.

கிட்னி மிஷின் வேண்டாம், கொழும்பு வேண்டாம் என்று அம்மா மனசறிந்துதான் சொன்னாள், இந்தக் கதையை நினைத்துப் பார் என்று முதல் தாளில் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

வின்னியைப் படகில் கூட்டிப்போய், குளத்துத் தண்ணீரைக் காட்டி, டக் எல்லாவற்றையும் விளக்கினார். அதற்குப் பிறகுதானே அவள் ஊற்றினாள். அம்மாவுக்கு விளக்கிச் சொல்ல நர்ஸுக்குப் படித்த மகள் இருந்தாள். நான்தான் உன்னிடம் வாயைத் திறக்கவில்லை. கிட்னி விஷயத்தை டாக்டர் தை மாதமே சொன்னார் பாப்பா. உனக்குப் பங்குனிக் கடைசியில்தான் சொன்னேன். "அவளுக்குப் பரீட்சை, சொல்லாதீங்க" என்று அம்மா சொன்னது உண்மை. அதை மட்டும்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ வந்தால் அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போய்விடுவாய், இந்தக் காம்பராவில் நான் தனியாகக் கிடக்க வேண்டும் என்று பயந்தேன். இப்போதும் தனியாகத்தான் கிடக்கிறேன். நீ அவளிடம் பேசியிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ. அதைத்தான் தினமும் யோசிக்கிறேன்.

நம் லயத்திலிருந்து நர்ஸ் யூனிஃபோம் போட்ட முதல் பிள்ளை நீ. ஸ்டோரில் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். உன்னிடம் போய் மறைத்தேன். நீ கோபமாக இருப்பது சரி. ஆனாலும் அண்ணனிடமாவது, அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வா. ராத்திரி பஸ்ஸில் வராதே. பகலில் வா, ஹட்டன் ஸ்டாண்டில் நான் நிற்பேன். குளிர் அதிகம், கம்பளிச் சட்டை எடுத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா